ஸ்வால்பார்டா, அபிஸ்கோவா, அலாஸ்காவா, நம்ம கம்புட் மண்ணா?

அம்மா வீட்டு வாசலில் முதலில் இரண்டு படிதான் இருந்தது. தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்த அப்பா, 1979இல் பாக்காவ் என்ற அலையாத்தி மரக் கட்டைகளைக் களிமண் தட்டும்வரை அடித்து இறக்கி, அதன்மேல் கட்டிய வீடு அது. இன்று அதே வாசலில் ஆறு படி. வீடு உயரவில்லை, நிலம்தான் கீழே போய்விட்டது. சிமெண்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே விழுந்திருக்கும் இடைவெளியில் மத்தியான வெயிலுக்குக் கோழிகள் ஒதுங்குகின்றன. ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு ஒரு படி கட்டுகிறோம். மலேசியாவின் பேராக்கில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் கம்புட் மண்ணில், அதாவது பாதி மக்கிய மரமும் இலையும் சேர்ந்த சதுப்பு மண்ணில், வீடு வைத்திருக்கும் யாருக்கும் இது புதுக் கதை இல்லை. வேர் வெளியே தெரிய, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் செம்பனை வரிசைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

தம்பி மகள் சென்ற ஆண்டு சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டம் வாங்கினாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். தீபாவளிக்கு வந்திருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். அலாஸ்காவில் ஊசியிலை மரங்கள் திசைக்கொன்றாகச் சாய்ந்து கிடந்தன. அந்த ஊரில் இதைக் ‘குடிகார மரங்கள்’ என்கிறார்களாம். அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண் இளகிவிட்டது, வேருக்குப் பிடிப்பில்லை. “பெரியப்பா, நம்ம தோட்டம் மாதிரியே இல்ல?” என்றாள். அப்புறம் மெதுவாக, “நான் இதைத்தான் மேற்கொண்டு படிக்கணும்னு இருக்கேன்” என்றாள்.

31 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் நடத்தியவன் என்பதால், எங்கே போவது என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. மூன்று மாதம் படித்தேன், இரவில் அவளோடு பேசினேன், தம்பியோடு காசுக் கணக்குப் போட்டேன். இதே யோசனையில் இருக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் நம்மிடையே இன்னும் இருப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம். பெர்மாஃப்ராஸ்ட் என்பதை இங்கே உறைமண் என்று வைத்துக்கொள்கிறேன். அது பனிப்பாறை அல்ல. குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ந்து பூஜ்யம் பாகை செல்சியஸுக்கு மேல் போகாத நிலம் எதுவானாலும் உறைமண்தான், பாறையோ மணலோ மக்காத வேரோ, உள்ளே பனியோடு. வட அரைக்கோளத்தில் ஏறக்குறைய 1.4 கோடி சதுர கிலோமீட்டர் நிலம் இப்படி இருக்கிறது. அதன் மேல்தோல் மட்டும் கோடையில் இளகி, குளிரில் மறுபடி உறையும். துந்திரா எனப்படும் மரமில்லாத துருவப் பக்க நிலத்தின் பஞ்சுப்புல், கணுக்கால் உயர வில்லோ, பாசி, லைக்கன் எல்லாம் வேர் விடுவது அந்த மெல்லிய அடுக்கில்தான். அடியில் இருப்பதோ, செத்த பிறகும் மக்க முடியாமல் குளிரில் மாட்டிக்கொண்ட பழைய செடிகள். உறைமண் பகுதி மண்ணில் மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கரி (கார்பன்) கிடக்கிறது. இன்று காற்றில் இருக்கும் கரியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1979இலிருந்து ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது. மண் இளகினால் நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கும், கரியமிலவாயுவும் மீத்தேனும் வெளியே வரும்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது ஒன்றுதான். கம்புட்டும் அதே சரக்கு. பாதி மக்கிய மரமும் இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டு சேர்ந்த குவியல். அங்கே அதைக் காத்தது குளிர், இங்கே காத்தது தண்ணீர். அங்கே சூடு உள்ளே போனது, இங்கே செம்பனைக்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விட்டோம். இரண்டு இடத்திலும் நிலம் இறங்குகிறது. ஆகவே, பாப்பா எங்கே போனால் இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியும் என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஸ்வால்பார்டுக்குத்தான் முதலில் அவளுக்கு ஆசை. நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவில் இருக்கும் தீவுக்கூட்டம். 78 பாகை வடக்கில் லாங்கியர்பியென் ஊர், அங்கே 1993இல் தொடங்கிய பல்கலைக்கழக மையம் இருக்கிறது. வகுப்பறையை விட்டு வெளியே நடந்தாலே உறைமண். பக்கத்துப் பள்ளத்தாக்கில், யான்சன்ஹாவ்கன் என்ற இடத்தில் 1998இல் 102 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு வெப்பமானிகளை இறக்கியிருக்கிறார்கள். மேலேயிருந்து சூடு எப்படி ஆண்டுதோறும் கீழே இறங்குகிறது என்பதை அந்த ஒரு துளை சொல்லிக்கொண்டே இருக்கிறது. இன்னும் வடக்கே நீ-ஓலெசுண்டில் பல நாடுகளின் நிலையங்கள் இருக்கின்றன, 2008இல் இந்தியா திறந்த ஹிமாத்ரியும் அங்கேதான். உலக விதைப் பெட்டகம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில், லாங்கியர்பியென் மலையில்தான். உறைமண் என்றைக்கும் உறைந்தே இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டியது. 2016 அக்டோபரில் மழையும் உருகிய நீரும் அதன் நுழைவுச் சுரங்கத்துக்குள் வந்தன. விதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் சுரங்கத்தை நீர் புகாதபடி மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

அங்கே துந்திராவின் பாடமும் கண்முன் நடக்கிறது. குளிர்காலத்தில் பனி பெய்ய வேண்டிய இடத்தில் மழை பெய்கிறது. அது தரையில் கண்ணாடி போல் உறைந்து செடிகளை மூடிவிடுகிறது. கலைமான்கள் குளம்பால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பட்டினி கிடக்கின்றன. இதை அவள் சொன்னபோது குரல் கம்மியது.

பிறகு ஏன் ஸ்வால்பார்டை முதலிடத்தில் வைக்கவில்லை? பனிக்கரடி ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் இல்லை. ஊர் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்டத் தகுந்த கருவி கையில் இருக்க வேண்டும். மாணவர்களுக்கும் துப்பாக்கிப் பயிற்சி தருகிறார்கள். தம்பி சம்சாரம் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயிற்சியோடு போகிறவர்களுக்கு அது சமாளிக்கக்கூடிய அபாயம்தான். என் தயக்கம் வேறு. அந்த மையத்தில் பெரும்பாலும் படிப்பு என்பது சில வாரமோ ஒரு பருவமோ நீளும் பாடங்கள். பட்டம் வேறொரு பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, ஸ்வால்பார்டின் உறைமண் பெரும்பாலும் மலைப்பாறையும் சரளையும் பள்ளத்தாக்கு வண்டலும். பள்ளத்தாக்குகளில் 100 மீட்டர், மலைகளில் 500 மீட்டருக்கும் மேல் தடிமன். வெப்பம் எப்படிப் பயணிக்கிறது என்று கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கரியும் கம்புட்டும் பற்றிக் கேட்பவளுக்கு அது சுற்றுவழி. வேறெங்காவது சேர்ந்து, அங்கிருந்து ஒரு கோடைப் பாடத்துக்குப் போய் வரலாம்.

அலாஸ்காவை நான் லேசாக நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க மரியாதை கூடியது. ஃபேர்பாங்ஸிலிருந்து எண்ணெய்க் குழாயை ஒட்டிய சாலையில் வடக்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டர் போனால், புரூக்ஸ் மலைத்தொடர் தாண்டி தூலிக் ஏரி. அங்கே அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் களநிலையம் 1975இலிருந்து இருக்கிறது. 1987இலிருந்து நீண்டகாலச் சூழலியல் ஆய்வு தொடர்ந்து நடக்கிறது. ஒரே நிலத்துண்டுக்கு ஆண்டுக்கணக்கில் உரம் இட்டும், மேலே கூடாரம் போட்டுச் சூடாக்கியும், நிழல் போட்டும் துந்திரா எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள். புல் குறைந்து புதர் கூடுகிறது. புதர் கூடினால் பனி அதில் தங்கும். பனி போர்வை போல மண்ணைக் குளிரில் கதகதப்பாக வைக்கும், மண் இன்னும் இளகும். ஒன்று இன்னொன்றைத் தள்ளும் இந்தச் சங்கிலியை ஒரு பருவத்தில் யாராலும் பார்க்க முடியாது. முப்பது நாற்பது ஆண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களால்தான் முடிந்தது.

அலாஸ்காவில் என்னை உலுக்கியது தீ. 2007 ஜூலையில் அனாக்டுவுக் ஆற்றுப் பக்கம் மின்னல் விழுந்து துந்திரா பற்றிக்கொண்டது. வறண்ட இலையுதிர் காலம் வரை புகைந்து, 1,039 சதுர கிலோமீட்டர் எரிந்தது. வெளியேறிய கரி ஏறக்குறைய 21 லட்சம் டன். 20ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் ஆர்க்டிக் துந்திரா முழுவதும் சேர்ந்து ஓர் ஆண்டில் சராசரியாக உள்வாங்கிய கரிக்கு இது சமம். மரமே இல்லாத ஈர நிலம் மண்ணோடு எரிந்த கதையைப் படிக்கும்போது எனக்கு 1997உம் 2015உம் நினைவுக்கு வந்தன. ஜன்னல்களில் ஈரத்துணி தொங்கவிட்டுப் பள்ளி நடத்திய நாட்கள் அவை. புகைமூட்டம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கம்புட் எரிந்த புகைதான். மேலே அணைந்தது போல் தெரியும், அடியில் கங்கு நகர்ந்துகொண்டே இருக்கும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிட்ட ஆர்க்டிக் அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. காட்டுத்தீயையும் கணக்கில் சேர்த்தால், துந்திரா இன்று கரியைச் சேமிக்கும் இடமாக இல்லை, வெளியிடும் இடமாகிவிட்டது.

காசு விஷயத்திலும் அமெரிக்காவுக்கு ஒரு வசதி உண்டு. அறிவியலில் ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ எடுத்துக்கொண்டால் கட்டணம் தள்ளுபடியாகி, கைச்செலவுக்கும் ஊதியம் வரும். தம்பி இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால் அந்த இடம் கிடைக்க, ஒரு பேராசிரியரிடம் ஆய்வுப் பணம் இருக்க வேண்டும், அந்தப் பணம் பெரும்பாலும் அரசிடமிருந்து வருவது. 2025இல் அந்நாட்டு அரசு அறிவியல் நிதியில் பெரிய வெட்டுகளை முன்மொழிந்தது. சேர்ந்த பிறகு நடுவில் நின்றுவிட்டால் இவ்வளவு தூரத்திலிருந்து நாங்கள் என்ன செய்வோம்? முனைவர் பட்டத்துக்கு அலாஸ்காவை நினைக்கலாம், நிலைமை தெளிந்த பிறகு. இப்போது முதல் அடிக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு.

சைபீரியாவைப் பற்றி ஒரு பத்தி போதும். உறைமண்ணில் பெரும்பங்கு ரஷ்யாவில்தான். லீனா ஆற்று முகத்துவாரத்தின் சமோய்லோவ் தீவு, கொலிமா ஆற்றங்கரையின் செர்ஸ்கி, இந்த இரண்டும் உலகமே அண்ணாந்து பார்த்த நிலையங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு மேற்கு நாட்டு நிறுவனங்களின் தொடர்பு ஏறக்குறைய அறுந்துவிட்டது. பாதி ஆர்க்டிக்கைப் பார்க்காமல் ஆர்க்டிக்கைப் பற்றிப் பேச வேண்டிய நிலையில் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். வருத்தம்தான், ஆனால் ஒரு மாணவியை இன்று அங்கே அனுப்ப முடியாது.

வீட்டிலிருந்தே செய்யலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. சுபாங் ஜெயாவில் ஒரு வேலை, மாலையில் கணினி. லாண்ட்சாட் படங்கள் 1972இலிருந்து இருக்கின்றன, இலவசம். ஐரோப்பாவின் செண்டினல்-1 ரேடார் நிலம் சென்டிமீட்டர் கணக்கில் இறங்குவதைக்கூடக் காட்டும். உறைமண் இளகி இறங்குவதைப் பார்க்கும் இந்த ரேடார் முறையை நம் பக்கக் கம்புட்டுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வு 2007 முதல் 2011 வரையிலான செயற்கைக்கோள் தரவை வைத்து, தென்கிழக்கு ஆசியக் கம்புட் நிலம் சராசரியாக ஆண்டுக்கு 2.2 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று கணக்கிட்டது. அம்மா வீட்டுப் படிகளை வைத்து நான் போட்ட கணக்கும் அதிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. ஆனால் செயற்கைக்கோளுக்கு மேல்தோல்தான் தெரியும். அடியில் உறைந்திருக்கிறதா, எவ்வளவு ஆழம் இளகியிருக்கிறது, எந்த வாயு வருகிறது என்பதை நேரில் போய்த்தான் சரிபார்க்க வேண்டும். மண்ணில் கை வைக்காமல் தொடங்கினால் படத்தில் வருவது சரியா தவறா என்று சந்தேகப்படவே தெரியாமல் போய்விடும். இந்த வழியை இரண்டாவது திறமையாகக் கற்றுக்கொள்ளட்டும். எங்கே போனாலும் கற்கலாம்.

மண்ணில் கை வைப்பது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். உறைமண் ஆய்வில் மிக அடிப்படையான கருவி ஓர் இரும்புக் கம்பி. 1991இலிருந்து நடக்கும் உலகளாவிய ஒரு கண்காணிப்பில், சதுரமாக நிலத்தை அளந்து, பதினொன்றுக்குப் பதினொன்று என்று 121 புள்ளிகள் குறிக்கிறார்கள். கோடை முடிவில் ஒவ்வொரு புள்ளியிலும் கம்பியை இறக்குகிறார்கள். இளகிய மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும் கம்பி உறைந்த இடத்தில் ‘டக்’கென்று நிற்கும். அந்த ஆழத்தை எழுதிக்கொண்டு அடுத்த புள்ளிக்கு. ஆண்டுக்கு ஆண்டு கம்பி இன்னும் கொஞ்சம் ஆழம் போனால், அதுதான் செய்தி. இதைப் படித்த மறுநாள் நானும் பாப்பாவும் வீட்டுப் பின்பக்கம் ஒரு கம்பியை இறக்கிப் பார்த்தோம். முதல் மீட்டர் எங்கே போனதென்றே தெரியவில்லை. இரண்டாவது மீட்டரில் ஏதோ பழைய மரக்கட்டை, நகர்த்தி வைத்து மறுபடி இறக்கினோம். மூன்று மீட்டரில் களிமண் பிடித்தது. வெளியே இழுத்தபோது கம்பியில் ஒட்டியிருந்த கறுப்புச் சேற்றை விரலில் தேய்த்து, “இது எத்தனை வருஷத்து இலையா இருக்கும் பெரியப்பா?” என்றாள். அவளுக்குப் பிடித்தது துருவமா மண்ணா என்று அதுவரை எனக்கு இருந்த சந்தேகம் அங்கே தீர்ந்தது.

அந்தக் கேள்விக்கு நேராக நிற்பது அபிஸ்கோ. ஸ்வீடனின் வடகோடி, 68 பாகை வடக்கு. ஸ்டாக்ஹோமில் இரவு ரயில் ஏறினால் அபிஸ்கோவிலேயே இறங்கலாம். 1913இலிருந்து அங்கே அறிவியல் நிலையம் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேல் அறுபடாத வானிலைப் பதிவு. ஆண்டுச் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இருந்த இடம், இந்த நூற்றாண்டில் பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது என்று அந்தப் பதிவு காட்டுகிறது. மழை பனி எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டில் 300 மில்லிமீட்டர் சொச்சம்தான். ஐப்பசி அடைமழையில் நமக்கு ஒரே மாதத்தில் வந்துவிடும் கணக்கு.

நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் கிழக்கே ஸ்டோர்டாலென் சதுப்பு. இங்கேதான் நான் மனம் விட்டுப் படித்தேன். ஏனென்றால் இது உறைந்த கம்புட். பால்சா என்று அங்கே சொல்லும் மேடுகள், உள்ளே பனி வைத்து உயர்ந்து நிற்கும் கரிமண் மேடுகள். மேலே உலர்ந்த குட்டைச் செடிகள், லைக்கன். உள்ளே இருக்கும் பனி உருகினால் மேடு அமுங்கி இறங்கும். இறங்கிய இடத்தில் தண்ணீர் நிற்கும், முதலில் ஸ்பாக்னம் பாசி வரும், முழுக்க உருகிய பிறகு பஞ்சுப்புல்லும் கோரையும். பஞ்சுப்புல் தண்டுக்குள் காற்றுக் குழல் உண்டு. சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் செய்த மீத்தேன் அந்தக் குழல் வழியாக நேரே மேலே வந்துவிடும். ஆக, எந்தச் செடி நிற்கிறது என்று பார்த்தாலே அடியில் என்ன நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். 1970க்கும் 2000க்கும் இடையே அந்தச் சதுப்பில் உலர்ந்த மேடு சுருங்கி ஈர நிலம் பரவியதை ஒப்பிட்டு, மீத்தேன் வெளியேற்றம் 22 முதல் 66 விழுக்காடு வரை கூடியிருக்கும் என்று 2004இல் கணக்கிட்டார்கள். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட 27 மடங்குக்கு மேல் சூடாக்கும் வாயு அது. 2014இல் அந்தச் சேற்றில் மீத்தேன் செய்யும் ஒரு நுண்ணுயிரைக் கண்டு, அந்தச் சதுப்பின் பெயரையே சேர்த்து மெத்தனோஃப்ளோரென்ஸ் ஸ்டோர்டாலென்மிரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். ஒரு சின்ன சதுப்பு நிலத்துக்குக் கிடைத்த அந்த மரியாதையைப் படித்துவிட்டு, நம் தெலுக் இந்தான் சேற்றில் என்னென்ன பேர் தெரியாமல் கிடக்கின்றனவோ என்று ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே மாணவர்கள் செய்வதைப் பாப்பா விளக்கினாள். சேற்றை மிதிக்காமல் இருக்கப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அதில் நின்றபடி, மண்ணில் பதித்த வளையத்தின்மேல் ஒளி ஊடுருவும் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே வாயு சில நிமிடத்தில் எவ்வளவு கூடுகிறது என்று அளக்கிறார்கள். அப்புறம் கறுப்புத் துணியால் மூடி மறுபடி அளக்கிறார்கள். வெளிச்சத்தில் செடி உள்ளிழுப்பதையும், இருட்டில் மண்ணும் செடியும் வெளிவிடுவதையும் பிரித்துப் பார்க்க அந்தத் துணி. இந்தப் பெட்டி, இந்த வளையம், இந்தத் துணி எல்லாம் கம்புட்டுக்கும் அப்படியே பொருந்தும். மண்வெப்பம் மைனஸில் போகாது, நீர்மட்டம் ஏறி இறங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். துந்திராச் செடிகளைச் சூடாக்கிப் பார்க்க 1990இலிருந்து பல நாடுகள் சேர்ந்து வைக்கும் மேல்திறந்த அறுகோணக் கூடுகளும் அபிஸ்கோவில் உண்டு. கூட்டுக்குள் ஒன்றிரண்டு பாகை சூடு கூடும், மின்சாரமே வேண்டாம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்வீடன் 2011இலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. நார்வேயும் 2023இலிருந்து அப்படியே. இரண்டு ஆண்டு முதுகலைக்கு ஆகும் தொகையை வெள்ளியில் மாற்றிச் சொன்னதும் தம்பி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். பிள்ளை படிப்புக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் எடுக்கலாம், வெளிநாட்டுப் படிப்புக்கும் அனுமதி உண்டு. ஆனால் தோட்டத்தில் ஆயுசெல்லாம் வேலை செய்து சேர்ந்த பணம் அது, முழுவதையும் தொடக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைக் குறைக்கும் உதவித்தொகைகள் வைத்திருக்கின்றன, அது கிடைத்தால் மட்டும் போவது என்று பேசிக்கொண்டோம். முனைவர் பட்டம் வேறு கணக்கு. ஸ்வீடனிலும் நார்வேயிலும் அது படிப்பு இல்லை, சம்பளத்தோடு வேலை. ஆகவே பாரம் முதல் இரண்டு ஆண்டுதான். இன்னொரு குறை, டிசம்பரில் சில வாரம் சூரியனே எழாது. சமவெயிலில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அது சின்ன விஷயமில்லை. ஊமியோ பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வு மையம் அபிஸ்கோவில் இயங்குகிறது, ஆனால் வகுப்புகள் தெற்கே. நிலையத்தில் இருப்பது பெரும்பாலும் கோடையில்தான் என்பது ஓர் ஆறுதல்.

கடைசியில், போகவே வேண்டுமா என்ற கேள்வி. அதைக் கேட்டது அம்மா. 82 வயது, படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி, “நம்ம மண்ணு எரியிறப்ப எவன் வந்து பாத்தான்? இவ ஏன் அவன் மண்ணப் பாக்கப் போகணும்?” என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நியாயமான கேள்வி. மலேசியாவில் ஏறக்குறைய 25 லட்சம் ஹெக்டேர் கம்புட் இருக்கிறது, பெரும்பகுதி சரவாக்கில். கோத்தா சமாரஹானில் வெப்பமண்டலக் கம்புட் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, கோபுரம் கட்டி வாயு அளக்கிறார்கள். நம் தெலுக் இந்தானிலேயே செம்பனை வாரியத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. உள்ளூரில் முதுகலை என்றால் கடனும் கிடைக்கும், வாரக்கடைசியில் வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். துருவம்தான் வேண்டுமென்றாலும், மலேசியா 2011இல் அண்டார்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. சுல்தான் மிசான் பெயரிலான அறக்கட்டளை துருவ ஆய்வுகளுக்கு மானியம் தருகிறது. உள்ளூரில் சேர்ந்துகொண்டும் துருவத்துக்குப் போய்வர வழி உண்டு.

இரண்டு நாள் யோசித்த பிறகுதான் அம்மாவுக்கு என் பதில் கிடைத்தது. இங்கே கம்புட் ஆய்வில் ‘இந்த மண்ணில் செம்பனை எப்படி நன்றாகக் காய்க்கும்’ என்ற கேள்விக்கு ஆள் அதிகம். அது தேவையான கேள்வி, நாங்களும் அதில் சாப்பிட்டவர்கள்தான். ‘இந்த மண் எவ்வளவு நாள் தாங்கும், இது போய்விட்டால் கடல் எங்கே வரும்’ என்ற கேள்விக்கு ஆள் குறைவு. எங்கள் நிலமோ ஏற்கெனவே தாழ்வு, கடலோரத்தில் வரப்பு கட்டித்தான் உப்புநீரைத் தடுத்துவைத்திருக்கிறோம். உறைமண்ணைப் பார்ப்பவர்கள் நாற்பது ஐம்பது ஆண்டாக அந்த இரண்டாவது கேள்வியையே கேட்டுப் பழகியவர்கள். ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப அளப்பது, செடி மாறுவதை வைத்து மண்ணைப் படிப்பது, தீக்குப் பிறகு பத்தாண்டு காத்திருப்பது, இந்தப் பழக்கத்தைத்தான் அவள் கற்று வர வேண்டும். அம்மாவிடம் இதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. “அங்க நூறு வருஷமா ஒரே எடத்துல அளக்கிறாங்கம்மா, இவ அதைக் கத்துக்கிட்டு வந்து நம்ம வீட்ட அளப்பா” என்றேன். “வந்தா சரி” என்றார்.

ஆக, என் வரிசை இது. முதுகலைக்கு ஸ்வீடன், ஆய்வேடு ஸ்டோர்டாலெனில், உதவித்தொகை கிடைத்தால் மட்டும். கிடைக்காவிட்டால் தயங்காமல் சரவாக், அது தோற்றுப்போய்ப் போகும் இடம் இல்லை. ஸ்வால்பார்டு ஒரு பாடத்துக்கு. அலாஸ்கா முனைவர் பட்டத்தின்போது மறுபடி பேசலாம். பனியையும் கரடியையும் வட ஒளியையும் பார்க்கத்தான் ஆசை என்று ஒரு பிள்ளை சொன்னால் என் வரிசை வேறாக இருந்திருக்கும். பாறை, நிலவியல், கட்டடப் பொறியியல் படித்த பிள்ளை என்றால் ஸ்வால்பார்டைத்தான் முதலில் வைப்பேன்.

ஸ்வீடனுக்கு விண்ணப்பம் ஜனவரி நடுவில் முடிகிறது. பாப்பா அனுப்பிவிட்டாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தம்பியும் அவளும் நானுமாக வீட்டுப் பின்பக்கம் நான்கு மீட்டர் இரும்புக் குழாய் ஒன்றைக் கம்புட் தாண்டிக் களிமண்ணுக்குள் அடித்து இறக்கினோம். களிமண் நகராது, அதனால் குழாயும் நகராது. மண் இறங்க இறங்கக் குழாய் வெளியே தெரியும். அன்றைய மண்மட்டத்தில் பாப்பா சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டாள். குழாயைச் சுற்றி மண்ணை மிதிக்கக்கூடாது, கோழிகள் கிளறாமல் வலை கட்ட வேண்டும், மாதம் முதல் தேதி காலையில் அளந்து மில்லிமீட்டரில் அனுப்ப வேண்டும் என்று எனக்கு உத்தரவு. பிப்ரவரி முதல் தேதி அளந்தேன். கோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர். சரியாகத்தான் பார்த்தீர்களா, மறுபடி ஒரு தடவை அளங்கள் என்று பதில் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.